காத்திருப்பின் விலை

நுழையும்முன்

வீடும் பள்ளியும் பாலமும் பல கைகள் கூடி எழுப்புபவை. அக்கைகள் ஒன்றன் வரவை ஒன்று அறியாதிருந்தால் பணி தடைப்படும். தடைப்படும் பணி பொருளையும் காலத்தையும் விழுங்கும். கட்டுமானங்கள் ஏன் காலம் தாழ்கின்றன, அத்தாழ்வின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பவை குறித்த ஆசிரியர் ஒருவரின் கருத்துரை இப்பாடம்.

சுவரை உடைக்கும் உளி

முத்தாபுதுப்பேட்டையில் வீட்டு வேலை நடைபெறாத தெருவைக் காண்பது அரிது. ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்கள், விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டவர்கள், சென்னை நகருக்குள் மனை வாங்க இயலாமல் மேற்கு நோக்கி நகர்ந்தவர்கள் எனப் பலரும் இப்பகுதியில் வீடு கட்டுகிறார்கள். பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பூச்சு முடிந்து, ஈரம் காய்ந்து, வழவழப்பாக நிற்கும் புதிய சுவரை ஒருவர் உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்துக்கொண்டிருப்பார். மின்கம்பி செல்லும் குழாயைப் பதிப்பதற்காகவே அந்த உடைப்பு. இரண்டு நாள் கழித்து, பூசிய கொத்தனாரே திரும்பி வந்து அந்தக் காயத்தை மீண்டும் பூசுவார்.

இதில் பிழை யாருடையது? கொத்தனார் தம் வேலையைச் செம்மையாகவே செய்தார். மின்பணியாளரும் அவ்வாறே. வீட்டுக்காரர் இருவருக்கும் கூலி கொடுத்தார். உடைத்ததற்கும் மீண்டும் பூசியதற்கும் சேர்த்துக் கொடுத்தார். குறை எவர் கையிலும் இல்லை. இருவருக்கும் இடையில் நிகழாமற்போன ஐந்து நிமிடப் பேச்சில் இருக்கிறது.

முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கூடுதல் வகுப்பறைகள் கட்டினார்கள். கோடை விடுமுறைக்குள் முடியவேண்டிய வேலை அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னரும் முடியவில்லை. மாணவர்கள் தாழ்வாரத்தில் அமர்ந்து படித்தனர். அக்கட்டடத்தில் சித்தாளாக வேலை செய்த பெண்ணின் மகள் என் வகுப்பு மாணவி. ஒருநாள் காலை ஒன்பது மணிக்கே அந்தத் தாய் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். "இன்னைக்கு ஜல்லி வரலையாம் ஐயா, எங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பாப்பாகிட்ட வீட்டுச் சாவி இருக்கு, வாங்கிக்கிட்டுப் போறேன்" என்றார். அம்மாதத்தில் அவர் அவ்வாறு வந்தது அது மூன்றாம் முறை. ஜல்லி ஏற்றிவரும் லாரி ஒருநாள் தாமதித்தால் ஒப்பந்ததாரரின் கணக்கில் அது ஒருநாள் தாமதம். அந்தத் தாயின் வீட்டில் அது ஒருநாள் உணவு. காலத்தாழ்வு என்னும் சொல்லை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோடிக்கணக்கான ரூபாய் நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சாவிதான் நினைவுக்கு வருகிறது.

பாடியிலிருந்து ஒரு பாடம்

வியப்பு என்னவெனில், காத்திருப்பை ஒழிக்கும் கலையை நன்கு கற்ற தொழிற்சாலைகள் இதே மேற்குப் புறநகரில்தான் இருக்கின்றன. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி, அம்பத்தூர் வழியாகப் பாடிக்குச் சென்றால், சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கிவந்த இடத்தை அடையலாம். அதன் பிரேக் உற்பத்திப் பிரிவு, 1998ஆம் ஆண்டு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தரமேலாண்மைக்காக வழங்கப்படும் அப்பரிசை இந்தியாவில் முதன்முதலில் பெற்ற நிறுவனம் அதுவே. வேலையில் நிகழும் குறையை மறைக்காமல் எழுதிவைப்பதும், எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியையே அக்குறையின் காரணத்தைத் தேடச் சொல்வதும் அந்த ஜப்பானியப் பயிற்சியின் அடிப்படைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் வளர்த்தெடுத்த உற்பத்தி முறையும் இவ்வகையைச் சார்ந்ததே. வாங்குபவருக்குப் பயன் தராத எச்செயலும் விரயம் என்றார் அவர். காத்திருத்தல், மிகையாக இருப்பு வைத்தல், தேவையின்றிப் பொருளைத் தூக்கிச் செல்லுதல், செய்ததையே மீண்டும் செய்தல் ஆகிய யாவும் அவர் கணக்கில் விரயங்கள். இம்முறைக்கு 1988இல் ஜான் கிராஃப்சிக் என்னும் ஆய்வாளர் 'லீன்' என்று பெயர் சூட்டினார். அவ்வாங்கிலச் சொல்லுக்கு மிகைத்தசை இல்லாதது என்பது பொருள். நாம் இதனை விரயமற்ற முறை என்று வழங்கலாம்.

தொழிற்சாலையில் வெற்றிபெற்ற இம்முறை கட்டுமானத்துக்குள் ஏன் எளிதில் நுழையவில்லை? தொழிற்சாலையில் பொருள் நகர்கிறது, தொழிலாளி நிற்கிறார். கட்டுமானத்திலோ கட்டடம் நிற்கிறது. தொழிலாளர்கள் அதனூடே நகர்கிறார்கள். கூரையில்லாத வெளியில் மழையும் வெயிலும் வேலையில் பங்கு கேட்கின்றன. இம்மாதம் இங்கே கூடும் கம்பி கட்டுவோரும் சென்ட்ரிங் பலகை அடிப்போரும் அடுத்த மாதம் வேறு வேறு ஊர்களில் இருப்பார்கள். அன்று காலையில் சந்தித்த அயலார் இருபது பேர் மாலைக்குள் ஒரே குடும்பம்போல் இயங்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பின்லாந்தைச் சேர்ந்த லௌரி கோஸ்கெலா, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1992இல் எழுதிய ஆய்வறிக்கையில் இச்சிக்கலைத் தொட்டார். கட்டுமானத்தை நாம் செங்கல் சுவராவது, கம்பி தூணாவது போன்ற மாற்றங்களின் தொகுப்பாக மட்டுமே பார்க்கிறோம். ஒரு வேலைக்கும் மறுவேலைக்கும் இடையிலான ஓட்டத்தை எவரும் பார்ப்பதில்லை என்பது அவர் கூறியதன் சாரம். சுவரின் விலையைக் கணக்கிடுகிறோம். சுவருக்காகக் காத்திருப்பதன் விலையைக் கணக்கிடுவதில்லை.

இந்த ஓட்டம் எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு தளத்தை முடிக்க ஐந்து குழுவினர் ஒருவர்பின் ஒருவராக வரவேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு குழுவும் நூறு முறைக்கு எண்பது முறை சொன்ன நாளில் வேலையை முடிக்கும் இயல்புடையது. எண்பது என்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால், ஐந்து குழுக்களும் ஒருசேரச் சொன்ன நாளில் முடிக்கும் வாய்ப்பு என்ன? 0.8 என்பதை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.33 வரும். அஃதாவது, மூன்று முறைக்கு ஒருமுறையே வேலை உரிய நாளில் முடியும். எவரையும் சோம்பேறி என்று ஏச இடமில்லாமலேயே கட்டடம் தாமதமாகிவிடுகிறது. இன்னும் விரைந்து வேலை செய்யுங்கள் என்று கொத்தனாரை விரட்டுவதால் இக்கணக்கு மாறாது. குழுக்களுக்கிடையே சொல்லும் செயலும் ஒத்துப்போவதால்தான் மாறும்.

வாரந்தோறும் ஒரு வாக்குறுதி

அமெரிக்கரான கிளென் பல்லார்டு, கிரெக் ஹோவல் என்பவருடன் இணைந்து இதற்கு ஒரு வழி கண்டார். கட்டுமானத் தளங்களில் அவர்கள் கணக்கெடுத்தபோது, வாரத் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட பணிகளில் ஏறத்தாழ 54 விழுக்காடே அந்த வாரத்துக்குள் முடிந்திருந்தன. பெரிய பெரிய அட்டவணைகள் வரைந்து சுவரில் மாட்டிய நிறுவனங்களின் நிலை இது!

பல்லார்டு வகுத்த முறைக்குக் 'கடைசித் திட்டமிடுநர் முறை' என்று பெயர். கடைசித் திட்டமிடுநர் என்பவர் யார்? அலுவலகத்தில் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் அல்லர். நாளைக் காலையில் யார் எங்கே என்ன செய்வது என்று இறுதியாகச் சொல்பவர். நம் வழக்கில் மேஸ்திரி. திட்டம் அவரிடமிருந்தே பிறக்கவேண்டும் என்பதுதான் இம்முறையின் உயிர்.

அனைத்துக் குழுக்களின் மேஸ்திரிகளும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். முடியவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி வருகிறார்கள். 'நான் பூசவேண்டுமென்றால் எனக்கு முன் சுவருக்குள் குழாய் இருக்கவேண்டும்' என்று கொத்தனார் ஒரு சீட்டை எழுதி ஒட்டுகிறார். 'குழாய் பதிக்கவேண்டுமென்றால் எனக்கு வரைபடம் வேண்டும்' என்று மின்பணியாளர் அதற்கு முன்னால் ஒரு சீட்டை ஒட்டுகிறார். அடுத்துவரும் ஆறு வாரங்களைப் போன்றதொரு காலத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தடைகளை ஒன்றொன்றாக நீக்குகிறார்கள். பொருள் வந்ததா, ஆள் உண்டா, இடம் காலியா, முந்தைய வேலை முடிந்ததா என்று பார்க்கிறார்கள். தடை நீங்கிய வேலைக்கு மட்டுமே வரும் வாரத்துக்கான வாக்குக் கொடுக்கலாம். தடை நீங்காத வேலைக்கு 'முடியாது' என்று சொல்லும் உரிமை மேஸ்திரிக்கு உண்டு. என் பார்வையில் இம்முறையின் மிகப் பெரிய சிறப்பு இவ்வுரிமையே. நம் கட்டுமானத் தளங்களில் 'முடியாது' என்பது அடங்காமையின் சொல்லாகக் கொள்ளப்படுகிறது. ஆதலால் எல்லாரும் 'ஆகட்டும்' என்கிறார்கள். ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வார இறுதியில் கொடுத்த வாக்குகளில் எத்தனை நிறைவேறின என்று எண்ணுகிறார்கள். பாதி முடிந்தது, முக்கால் முடிந்தது என்னும் கணக்கு இங்கே இல்லை. முடிந்தது, முடியவில்லை என்னும் இரண்டே நிலைகள். முடியாதவற்றுக்கு ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடுகிறார்கள்.

இதனை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்று சொல்லி மகிழ்வது நம் வழக்கம். வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தைப் படித்தவர்கள் அவ்வாறு கூறுவதில் தவறும் இல்லை; ஒரு செயலைத் தொடங்குமுன் ஆராயவேண்டியவற்றை அவர் எண்ணிக் காட்டியே இருக்கிறார். அதிகாரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற நாமே, குழாய் பதிக்குமுன் சுவரைப் பூசச் சொல்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பாம்பனில் 46 நாள்கள்

இத்தகைய கூட்டுழைப்பு அயல்நாட்டார்க்கே கைவரும் என்று எண்ணவேண்டியதில்லை. விரயமற்ற கட்டுமானம் என்னும் பெயரே தோன்றாத காலத்தில் நம் கடற்கரையில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் 126ஐக் கடல் அடித்துச் சென்றது. இராமேசுவரம் தீவு நிலத்தோடு கொண்டிருந்த தொடர்பு அறுந்தது. தொடர்வண்டித் துறை பாலத்தைச் சீரமைக்க ஆறு மாதக் காலம் குறித்தது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது அகவை 32.

புதிய உத்திரங்களைச் செய்து கொண்டுவருவதோ, நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து தேடிக் கொணர்வதோ எல்லாருடைய மனத்திலும் தோன்றும் வழிகள். அவ்வழிகளில் காத்திருப்புதான் பெரும்பகுதி. கடலுக்குள் உத்திரங்கள் கிடக்குமிடத்தை அப்பகுதி மீனவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் சொன்ன குறிப்பைக் கொண்டு, மூழ்கிய உத்திரங்களையே மேலே தூக்கி, மீண்டும் தூண்கள்மீது பொருத்தும் வழியை ஸ்ரீதரன் தேர்ந்தார். 46 நாள்களில் பாலம் மீண்டது.

இந்நிகழ்ச்சியைத் தனிமனிதர் ஒருவரின் திறமையாக மட்டுமே நாம் பேசிவருகிறோம். திறமை உண்டு, ஐயமில்லை. என்னைக் கவர்வது வேறொன்று. பொறியியல் பட்டம் பெறாத மீனவர்களின் கடலறிவு, வேலை நடுவழியில் இருந்தபோது அன்று, தொடங்கும்போதே திட்டத்துக்குள் வந்துவிட்டது. கடைசியில் கேட்கப்படுபவர்களை முதலில் கேட்டதால் மாதங்கள் மிஞ்சின. பேரிடர்க் காலத்தில் இயன்றது இயல்பான காலத்தில் ஏன் இயலவில்லை என்னும் வினா எஞ்சுகிறது. அதற்கான விடையின் ஒரு பகுதி ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

ஒப்பந்தம் பிரிக்கும் மனிதர்கள்

அரசுக் கட்டடம் ஒன்று எழும் வரிசையைப் பாருங்கள். முதலில் வரைபடம், பிறகு மதிப்பீடு, பிறகு ஒப்பந்தப்புள்ளி, தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கூறியவருக்குப் பணி. கட்டப்போகிறவர் யார் என்பது வரைபடம் முடிந்த பிறகே தெரியவரும். வரைபடத்தில் உள்ள இடர்ப்பாட்டை அவர் சுட்டிக்காட்டினாலும், அதனை மாற்றுவது கோப்பு ஏறி இறங்கும் வேலை. குறைந்த விலைக்கு வேலையை எடுத்தவர், இழப்பை ஈடுகட்டக் கூடுதல் பணிகளைக் காட்டிக் கோருவார்; அலுவலர் மறுப்பார்; இருவருக்கும் இடையே கடிதங்கள் குவியும். ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ள எழுதும் அக்கடிதங்களுக்கிடையே கட்டடம் எவருடைய பிள்ளையும் இல்லாமல் நிற்கும்.

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்தைக் கட்டியபோது, அதன் உரிமையாளரான பி.ஏ.ஏ. நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தது. இடர்களைத் தானே ஏற்றுக்கொண்டது. பிழை நேர்ந்தால் யார்மீது பழி என்று தேடாமல் அனைவரும் கூடித் தீர்க்கவேண்டும் என்று ஒப்பந்தமே கூறியது. கலிபோர்னியாவில் சட்டர் ஹெல்த் என்னும் மருத்துவமனை அமைப்பு, உரிமையாளர், வடிவமைப்பாளர், கட்டுநர் ஆகிய மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு இலாபத்தையும் இழப்பையும் பகிர்ந்துகொள்ளும் முறையைக் கைக்கொண்டது. தனித்தனியே வெல்ல முடியாது என்னும் நிலை வந்தால் மனிதர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள் என்பது இம்முறையின் எளிய உளவியல்.

ஹீத்ரோ முனையம் நெடுநாள் முன்பே அறிவித்த நாளில், 2008 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது. திறந்த அன்றே பயணிகளின் பெட்டிகளைக் கொண்டுசெல்லும் அமைப்பு தடுமாறியது. வானூர்திகள் பல நீக்கப்பட்டன. அங்கு வேலை செய்யவேண்டிய பணியாளர்களுக்குப் போதிய பயிற்சியும் பழக்கமும் இல்லாமையே முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. கட்டியவர்களை எல்லாம் ஒன்றாக அமர்த்தியவர்கள், பெட்டி தூக்குபவர்களை முழுமையாக அமர்த்த மறந்தார்கள் என்றே நான் இதனைப் புரிந்துகொள்கிறேன்.

நம் நாட்டில் ஒப்பந்த முறையை ஒரே நாளில் மாற்ற இயலாது. மாற்றவும் கூடாது என்பேன். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்டதற்குக் காரணம் உண்டு. பொதுப்பணத்தைச் செலவிடுவோரும் பெறுவோரும் கூடிப் பேசுவது கூட்டுழைப்பாகவும் இருக்கலாம், கூட்டுக் களவாகவும் இருக்கலாம். மக்களுக்கு அவ்வேறுபாடு தெரியும்படி கதவு திறந்திருக்கவேண்டும். 2021 அக்டோபரில் ஒன்றிய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விலையோடு தரத்தையும் சேர்த்து மதிப்பிட்டு ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கக் கட்டுமானப் பணிகளிலும் இடமளித்தன. இது நல்ல தொடக்கம்.

ஆனால், வாரம் ஒருமுறை கூடுவதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்தவேண்டியதில்லை. விரயமற்ற கட்டுமானம் குறித்த அனைத்துலக ஆய்வுக்குழுவின் 26ஆம் ஆண்டு மாநாடு 2018 ஜூலையில் சென்னையில்தான் நடந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் ஆராய்ந்துவருகிறது. அறிவு கிண்டி வரை வந்துவிட்டது. முத்தாபுதுப்பேட்டைக்கு வருவதுதான் எஞ்சியிருக்கிறது. அரசு கட்டும் ஒவ்வொரு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மேஸ்திரிகள் அமரும் வாரக் கூட்டத்தையும், நிறைவேறிய வாக்குகளின் எண்ணிக்கையைத் தளத்தின் வாசலில் எழுதிவைப்பதையும் ஒப்பந்தத்தின் கட்டாய விதியாக்கவேண்டும் என்பது என் கருத்து. தெருவில் செல்லும் எவரும் அதனைப் படிக்கலாம்.

மிஞ்சுவது யாருக்கு?

இம்முறையை எதிர்ப்போரும் உளர். அவர்கள் கூற்றைப் புறந்தள்ள இயலாது. விரயத்தைக் குறைப்பது என்று தொடங்கி ஆளைக் குறைப்பதிலும், ஓய்வைக் குறைப்பதிலும் முடிந்த தொழிற்சாலைகள் உலகில் உண்டு. பத்து நாள் வேலையை ஏழு நாளில் முடித்தால் மிஞ்சும் மூன்று நாள் கூலி யாருக்குப் போகிறது? ஒப்பந்ததாரருக்கு மட்டுமே போகுமானால், மேஸ்திரி ஏன் உண்மையைச் சொல்லவேண்டும்? அவர் வேலையை இழுக்கவே விரும்புவார். அதில் அறமின்மை இல்லை, வயிற்றுக் கணக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1994ஆம் ஆண்டிலேயே நலவாரியம் அமைந்தது. பதிவு செய்தவர்களின் குழந்தைகளுக்குக் கல்வி உதவி, விபத்து நேர்ந்தால் இழப்பீடு முதலியவற்றை அது வழங்குகிறது. ஆயினும், ஜல்லி வராத நாளின் கூலியை எந்த வாரியமும் தருவதில்லை. பிறருடைய தாமதத்தால் திருப்பி அனுப்பப்படும் தொழிலாளிக்கு, வந்து நின்றதற்கான கூலியில் ஒரு பகுதியேனும் தரவேண்டும் என்று விதி இருக்குமானால், காத்திருப்புக்கு முதன்முதலாக ஒரு விலைச்சீட்டு ஒட்டப்படும். பணம் கொடுக்க நேர்ந்தால் லாரியைப் பற்றி முந்திய நாளே விசாரிக்கும் பழக்கம் ஒப்பந்ததாரருக்கு வந்துவிடும். இதுவே கூட்டுத் திட்டமிடலுக்கு நான் முன்வைக்கும் முதல் நிபந்தனை. இஃதில்லாமல் சுவரில் ஒட்டப்படும் வண்ணச் சீட்டுகள் வெறும் அலங்காரம்.

அண்மையில் எங்கள் தெருமுனையில் எழும் ஒரு வீட்டைப் பார்க்க நின்றேன். மேஸ்திரி என்னிடம் படித்தவர். பத்தாம் வகுப்போடு நின்றவர். சிமெண்டு மூட்டைகள் அடுக்கிய அறையின் சுவரில் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பி ஒட்டியிருந்தார். அதில் பென்சிலால் நாள்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண். சில வரிகள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருந்தது: மழை, மணல் வரவில்லை, அண்ணன் மகள் திருமணம். இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலை ஐயா. போன வீட்டுல மூணு தடவை சுவரை உடைச்சோம். இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் அண்ணனை முதல்லயே கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குழாய் வெச்சுடறேன்னு அவரே எழுதினாரு. சனிக்கிழமைதான் பூச்சு" என்றார்.

அன்று வியாழக்கிழமை. மாடிச் சுவரில், செங்கல் வரிசைகளுக்கிடையே, குழாய்கள் பதிந்திருந்தன.